விழித்திரையின் செல்களைப் படமெடுப்பது எப்படி?

கண் மருத்துவரின் கருவியில் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் தெரியும். ஒளியை உணரும் கூம்பு செல்கள் தெரியாது. ஏன்? விழித்திரையின் மையக்குழியில் ஒரு கூம்பின் அகலம் சுமார் 2–3 மைக்ரான்தான். அதைவிடப் பெரிய தொல்லை கண்ணேதான். கண்ணாடி போடாதவரின் கார்னியாவும் லென்ஸும்கூடக் கொஞ்சம் கோணல். திரும்பி வரும் ஒளி அதில் கலங்கிவிடுகிறது.

தீர்வு வானியலிலிருந்து வந்தது. காற்றால் நட்சத்திரப் படம் கலங்குவதைச் சரிசெய்ய 1953இல் ஹோரஸ் பாப்காக் சொன்ன யோசனையை, 1997இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் வில்லியம்ஸ் குழு கண்ணுக்குத் திருப்பியது. மெல்லிய ஒளிக்கற்றையை விழித்திரையில் பாய்ச்சுவார்கள். திரும்பும் ஒளியலை எங்கே, எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதைக் குட்டி லென்ஸ்களின் வரிசை அளக்கும். அந்தக் கணக்குப்படி ஓர் ஆடி மைக்ரான் அளவில் நெளிந்து, கோணலுக்கு எதிர்க்கோணல் போடும். இது நொடிக்குப் பலமுறை நடக்கவேண்டும். கண்ணீர்ப்படலமும் தசையும் சும்மா இருப்பதில்லையே!

இந்த முறையில் 1999இல் வந்த முடிவுதான் எனக்குப் பிடித்தது: நிறப்பார்வை இயல்பாக உள்ள இருவரிடம் சிவப்பு, பச்சைக் கூம்புகளின் விகிதம் வெகுவாக வேறுபட்டது. நிறத்தை மூளை எவ்வளவு சரிக்கட்டுகிறது பாருங்கள்.

பரம்பரை விழித்திரைச் சிதைவில், எழுத்துப் பலகையை நன்றாக வாசிப்பவரிடமே கூம்புகள் குறைந்திருப்பதை இந்தப் படம் காட்டிவிடும். ஆனால் ஒரு படத்தில் அடங்குவது மிகச் சிறிய பரப்பு. கண்புரை முற்றியவரிடம் அதுவும் கிடைப்பது கடினம்.