பிள்ளை ஏறும் வண்டி எது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அண்மையிலுள்ள மகாராஜபுரத்துப் பக்கம் சிறு தென்னந்தோப்பு வைத்திருக்கும் இளம் குடும்பத் தலைவர் ஒருவர் சென்ற மாதம் நம்மைக் காண வந்தார். புதிதாக வண்டி வாங்க விரும்புகிறார். எதை வாங்குவது என்பதில் வீட்டில் ஒருமனப்பாடு இல்லை.

"சாமி, பாதி வழி தார்ச்சாலை, பாதி வழி மண்பாதை. நடுவில் ஒரு ஓடை வேறு. மகளுக்கு ஆறு வயது. அவள் அம்மா மில் வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதனால் பள்ளி விட்டதும் மகளையும் ஏற்றிக்கொண்டுதான் தோப்புக்குப் போக வேண்டும். மலைப்பாதையில் ஓட்டுகிற உயரமான மோட்டார் சைக்கிளை வாங்கு என்கிறான் மைத்துனன். ஸ்கூட்டர் என்கிறாள் மனைவி. அப்பா வைத்திருந்த டி.வி.எஸ். மாதிரி ஒன்று போதும் என்கிறார்கள் அம்மா. நீங்கள் ஊர் ஊராக வண்டியில் போகிறவர்கள்; நீங்கள் சொன்னால் சரி" என்றார்.

வண்டி வியாபாரம் நாம் அறியாதது. ஆயினும் இத்தகைய பாதைகளில் 25 ஆண்டுகளாக வண்டி ஓட்டி வருகிறோம். அவர் கேட்ட கேள்வி நம் இல்லங்கள் பலவற்றில் இன்று எழும் கேள்வியுமாகும். ஆகவே அவருக்குக் கூறியதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

நமக்கு நேர்ந்தது

முதலில் நமது பிழை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குருத்துவப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் நம்மிடம் பழைய மொபெட் ஒன்று இருந்தது. கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து திரும்பும்போது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் வீட்டில் விடுவதாக ஏற்றிக்கொண்டோம். பின்னிருக்கையில் பெட்டி கட்டியிருந்தமையால் அவனை முன்னால் நிற்க வைத்தோம். ஊரார் யாவரும் அப்படித்தான் செய்தனர். நமக்கும் அது தவறாகத் தோன்றவில்லை.

கண்மாய்க் கரைமீது ஓரிடத்தில் மணல் குவிந்து கிடந்தது. வேகமாகப் போகவில்லை, நடப்பதைவிடச் சற்றே விரைவு, அவ்வளவுதான். முன்சக்கரம் வழுகியது. நாம் முன்னோக்கிச் சரிந்தோம். நமக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் இடையில் அந்தப் பிள்ளை இருந்தான். அவன் மோவாய் பிளந்து சட்டை முழுதும் இரத்தமாயிற்று. நமக்கோ முழங்கையில் ஒரு சிராய்ப்பு. மருத்துவமனையில் தையல் போட்டு வீட்டிற்கு அழைத்துச் சென்றபோது அவன் தாய் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி வாங்கி, தண்ணீரில் அலசத் தொடங்கினார். திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்போம்.

அன்று நாம் அறியாதிருந்ததைச் சட்டம் முன்னமே அறிந்திருந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்றும், அவரும் ஓட்டுபவருக்குப் பின்னால் உறுதியாகப் பூட்டப்பட்ட இருக்கையில் அமர்ந்தே வர வேண்டும் என்றும் கூறுகிறது. முன்னால் நிற்கும் பிள்ளை, விபத்தில் நம் உடலின் முழு எடையையும் தாங்குகிறது. குழியில் வண்டி குலுங்கும்போது பற்றுக்கோடு தேடும் சிறு கை, முடுக்கியைத் திருகிவிடவும் கூடும். மாலை நேரமானால் காற்று முகத்தில் பட்டு நின்றபடியே உறங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு.

மூன்று வகை வண்டிகள்

மைத்துனர் சொன்ன உயரமான வண்டியை முதலில் பார்ப்போம். 2019-இல் வெளிவந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இவ்வகையில் நம் நாட்டில் பலரும் அறிந்தது. அதன் அடிப்பாகம் தரையினின்று 22 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதால் கல்லும் மேடும் அதற்குப் பொருட்டல்ல. ஆனால் இருக்கையின் உயரம் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர். எடை 150 கிலோவுக்கும் மேல். நடுத்தர உயரமுள்ள பலருக்கு அதில் அமர்ந்தால் விரல்நுனிதான் தரையில் படும். தனியே ஓட்டுபவர் சரிந்தால் வண்டியை விட்டுவிட்டுக் குதிக்கலாம். பின்னால் ஆறு வயது மகளை வைத்திருக்கும் தகப்பன் எப்படிக் குதிப்பான்? ஓடைக்குள் வண்டி நின்றுவிட்டால் இரு பாதங்களையும் முழுமையாக ஊன்றி அதைத் தாங்க வேண்டியவன் அவன்.

அயல்நாட்டுப் பழக்கமும் இதையே உணர்த்துகிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மண்பாதைக்கென்றே செய்த சிறு மோட்டார் சைக்கிள்களைப் பிள்ளைக்கு ஒன்றும் தமக்கொன்றுமாக வாங்கி, சொந்த நிலத்திலோ அதற்கான களத்திலோ உடன் ஓட்டிச் செல்லும் பெற்றோர் உண்டு. அவ்வாறு வாங்கப்படும் ஹோண்டா சி.ஆர்.எஃப். 110 வண்டியின் இருக்கை உயரம் 66 சென்டிமீட்டர்தான். பிள்ளையுடன் செல்லும்போது பெரியவரும் சிறிய வண்டியைத் தேர்ந்தால், நினைத்த இடத்தில் நின்று பிள்ளைக்கு உதவ முடியும். ஆனால் அது ஒருவர் மட்டும் அமரும் வண்டி. பின்னால் பிள்ளையை ஏற்ற அதில் இடமில்லை.

அடுத்து ஸ்கூட்டர். தாய்மார்க்கு ஏறி இறங்க எளிது, தார்ச்சாலைக்கு உகந்தது. ஆனால் அதன் சக்கரங்கள் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலமே. சிறு சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும். கல்லில் மோதினால் கைப்பிடி திரும்பும். காலடியில் விசாலமான தட்டு இருப்பது பிள்ளையை அங்கே நிறுத்தத் தூண்டும் சோதனையாகவும் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, தாயார் சொன்ன வண்டி. ஒசூரில் 1980-இல் உருவான டி.வி.எஸ். 50, இருவர் அமர்ந்து செல்லத்தக்கதாக நம் நாட்டில் வந்த முதல் மொபெட் ஆகும். அதன் வழித்தோன்றலாக 2015-இல் வெளிவந்த எக்ஸ்எல் 100 வண்டிக்கு 99.7 சி.சி. இயந்திரம், கியர் மாற்றும் வேலை இல்லை, சக்கரம் 16 அங்குலம், எடை 90 கிலோவுக்கும் குறைவு. சரிந்தால் ஒருவரே தூக்கி நிறுத்தலாம். தோப்பு மண்பாதைக்கு, பிள்ளையுடன் மெதுவாகச் செல்வதற்கு, இதுவே பொருத்தம் என்பது நமது எண்ணம். நாள்தோறும் நெடுந்தூரம் நெடுஞ்சாலையில் செல்ல வேண்டியவர்க்கு 18 அங்குலச் சக்கரமுள்ள சாதாரண 100 சி.சி. மோட்டார் சைக்கிள் மேலானது.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. முன்னால் சாக்கு வைக்க இடம் இருப்பதாலேயே இவ்வண்டியில் தேங்காய், புல்லுக்கட்டு, உரமூட்டை யாவும் ஏறுகின்றன. வண்டியுடன் தரும் கையேட்டில் அது தாங்கும் எடை அச்சிடப்பட்டிருக்கும். ஓட்டுபவரின் எடையும் அதில் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளை ஏறும் பயணத்தில் மூட்டை வேண்டாம். மூட்டையை இன்னொரு நடையில் கொண்டுவரலாம்.

பிள்ளையை அளந்து பாருங்கள்

கடைக்குத் தகப்பன் மட்டும் போய்ப் பணம் கட்டி வருவது வழக்கம். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நிறுத்திய வண்டியின் பின்னிருக்கையில் அமர்த்திப் பாருங்கள். இரு பாதங்களும் கால்மிதியில் பதிகின்றனவா? கைகள் உங்கள் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கின்றனவா? கால் எட்டாத பிள்ளை ஒவ்வொரு குழியிலும் இருக்கையை விட்டு எழும். தொங்கும் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கும். அப்படிச் சிக்கிய பாதம் ஆறுவதற்கு மாதங்கள் ஆகலாம்.

பின்னால் அமர்பவர்க்குக் கைப்பிடியும் கால்மிதியும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. பழைய வண்டி வாங்குவோர் இவற்றை முதலில் பார்க்க வேண்டும். சாமான் கட்டுவதற்காகக் கால்மிதியைக் கழற்றிவிட்டவர்கள் பலர். பிறகு டயரில் வெடிப்பு உண்டா, செயின் தொய்ந்திருக்கிறதா, இரு பிரேக்கும் பிடிக்கின்றனவா, கைப்பிடி தடையின்றித் திரும்புகிறதா என்று நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். சைலன்சர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக இறங்கப் பிள்ளையைப் பழக்குங்கள்.

தலைக்கவசம் வண்டியின் விலையோடு சேர்த்து எண்ண வேண்டிய செலவு. நான்கு வயதுக்கு மேற்பட்ட யாவர்க்கும் அது கட்டாயம். தகப்பனின் கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டுவதில் பயனில்லை. தலையை ஆட்டினால் உள்ளே சுழலாத அளவில், ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் தனியே வாங்க வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையானால், ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அதற்கேற்ற கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. இவ்விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது.

மண்பாதையின் குணம்

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. குழியைக் கண்டு கை பிரேக்கைத் தேடுவதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் மோதலின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மண்பாதையில் பிள்ளையுடன் 20 கிலோமீட்டர் வேகம் போதும்.

மணலில் முன்பிரேக்கைச் சட்டென அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுகும். திருப்பத்திற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் களிமண் சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பெய்தால், ஊரில் வெயில் இருக்கும்போதே ஓடையில் தண்ணீர் வந்துவிடுவதுண்டு. ஓடும் நீரில் பிள்ளையுடன் இறங்காதீர்கள். மலையடித் தோப்புகளில் யானை நடமாட்டமும் உண்டு. இருட்டுமுன் வீடு திரும்பும்படி வேலையை அமைத்துக்கொள்ளுங்கள்.

சாவி யாரிடம்?

இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. "சின்ன வண்டிதானே" என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணனிடம் சாவியைக் கொடுத்துத் தங்கையை அழைத்து வரச் சொல்லும் வீடுகள் நம்மிடையே உள்ளன. பதினாறு வயதில் உரிமம் பெறலாம் என்ற சலுகை, கியர் இல்லாத 50 சி.சி. வரையிலான வண்டிக்கே உரியது, 100 சி.சி. மொபெட் அதில் சேராது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அப்பிள்ளை 25 வயதுவரை உரிமம் பெற இயலாது. தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். தங்கைக்கு ஏதேனும் நேர்ந்தால், "நான்தானே ஓட்டினேன்" என்ற பாரத்தை அந்தப் பையன் வாழ்நாள் முழுதும் சுமப்பான். அதை அவன் தோளில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

இவற்றையெல்லாம் கேட்டுச் சென்ற அன்பர் இரு வாரம் கழித்து மீண்டும் வந்தார். மகளை அழைத்துச் சென்று மூன்று வண்டிகளிலும் அமர்த்திப் பார்த்தாராம். உயரமான வண்டியில் அவள் கால் கால்மிதிக்கு வெகு மேலே தொங்கியது. மொபெட்டில் பாதம் பதிந்தது, அதையே வாங்கினார். மைத்துனருக்குச் சற்று வருத்தந்தான்.

"ஓடையை என்ன செய்கிறீர்கள், தம்பி?" என்று கேட்டோம்.

"கரையிலேயே நிறுத்திவிடுகிறேன், சாமி. மழைத் தண்ணீர் வருகிற நாளில் தோப்புக்கே போவதில்லை. மற்ற நாளில் அவள் இறங்கி முன்னால் நடப்பாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போவேன். அக்கரை போய் ஏறிக்கொள்வாள். தலையில் கவசத்தைக் கழற்றாமலே நடக்கிறாள், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்" என்றார்.

சிரிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினோம்.