கூட்டணிக் கதைகள் – 12: சென்னைப் பெண்ணும் ராமேஸ்வரத்துக்காரரும்

குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றி டீக்கடையில் பேச்சு எழுவது அபூர்வம். நமக்கு ஓட்டு இல்லாத தேர்தல் அது. எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் போடுவார்கள், நாம் மறுநாள் பேப்பரில் படிப்போம். ஆனால் 2002 ஜூலையில் திருவண்ணாமலை தேரடி வீதிக் கடை ஒன்றில், ராஜகோபுரத்தைப் பார்த்தபடி போட்டிருந்த பெஞ்சில், அதைப் பற்றி ஒரு வாக்குவாதமே நடந்தது. நான் கூட இருந்தேன்.

பெஞ்சின் ஓரத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் 'தீக்கதிர்' நாளிதழை விரித்து வைத்திருந்தவர் ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர். செங்கம் ரூட்டில் பல வருஷம் ஓடியவர், தொழிற்சங்கக்காரர். இளவட்டங்கள் நாலு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, நம்ம தமிழர் ஒருத்தர் ஜனாதிபதி ஆகப் போறாரு. உங்க கட்சி குறுக்கப் போயி நிக்குதே, நியாயமா?"

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, கலாம் மேல எங்களுக்கு என்ன வருத்தம்? அந்தம்மாவும் மெட்ராஸ்ல பொறந்தவங்கதான். யாரு நிக்கறாங்கன்னு மட்டும் பாக்காத. யாரு நிறுத்தறாங்கன்னும் பாரு."

பையன்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கலாம் மேல் இருந்த பிரியம் அப்படி. ராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை, ஏவுகணை விஞ்ஞானி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளோடு பேசியவர். தமிழ்நாட்டில் அவருக்கு எதிராக ஒரு வேட்பாளரை நிறுத்தி, அதற்குக் காரணமும் சொல்வதென்றால் நெஞ்சுரம் வேண்டும்.

அந்த நெஞ்சுரம் இடதுசாரிகளுக்கு எப்படி வந்தது? அந்த வருஷம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பா.ஜ.க. ஆட்சியில் இருந்த குஜராத் மதக் கலவரத்தில் எரிந்தது. ஜூலையில் கே.ஆர்.நாராயணனின் பதவிக்காலம் முடிகிறது. அவரே தொடரட்டும் என்பதுதான் இடதுசாரிகளின் விருப்பம். அதே கட்சி தலைமையிலான வாஜ்பாய் அரசு கலாம் பெயரை அறிவித்ததும் முலாயம் சிங் யாதவ் அந்தப் பக்கம் போனார், காங்கிரஸும் போனது. இங்கே தி.மு.க., அ.தி.மு.க. இரண்டும் கலாமுக்கே. மிச்சம் நின்றவை நாலு கட்சிகள்: மார்க்சிஸ்ட், இந்தியக் கம்யூனிஸ்ட், புரட்சிகர சோஷலிஸ்ட், ஃபார்வர்டு பிளாக்.

இந்தத் தேர்தலில் மனு போட 50 வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னொரு 50 பேர் வழிமொழிய வேண்டும். கண்டவரும் நிற்காமலிருக்க 1997-ல் உயர்த்திய எண்ணிக்கை இது. மேற்கு வங்கத்தில் ஆட்சியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சி தனியாகவே அந்த நூறு கையெழுத்தையும் வாங்கியிருக்க முடியும். மக்களவையில் மூன்று இடம் வைத்திருந்த கட்சியும் இரண்டு இடம் வைத்திருந்த கட்சியும் சம்மதிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருந்தும் நாலு பேரும் உட்கார்ந்து பேசி ஒரே பெயரைச் சொன்னார்கள். ஜெயிக்கவே முடியாத தேர்தலுக்கு அப்படி ஒன்றுசேர்ந்தார்களே, அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. தொகுதிப் பங்கீடு இல்லை, மந்திரி பதவி இல்லை, பெட்டி இல்லை. கொள்கைக்காக மட்டுமே கட்டிய கூட்டணி என்று இந்தத் தொடரில் நான் எழுதியவற்றில் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

அவர்கள் சொன்ன பெயர் கேப்டன் லட்சுமி. அப்போது அவருக்கு வயது 87.

நம் மாவட்டத்துக்காரர்கள் இவரை அறிந்திருக்க ஒரு தனிக் காரணம் உண்டு. திருவண்ணாமலை அன்று வடாற்காட்டைச் சேர்ந்தது. கங்காணிகள் வந்து மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு போன ஜில்லாக்களில் வடாற்காடும் ஒன்று. பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து பால் மரம் சீவினார்கள். 1943-ல் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி பெண்களுக்கென்று ஒரு படை கட்டப் போவதாக அறிவித்தபோது, அதற்குத் தலைமையேற்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், அதிலும் தோட்டத்துப் பெண்கள் நிறைய. ஊரைக் கண்ணால் பார்த்தேயிராத பெண்கள் அந்த ஊரின் விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள். வெள்ளைக்கார துரைக்கு முன்னால் தலை நிமிராதிருந்த வீட்டுப் பெண்கள் அவர்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

போர் முடிந்து, பர்மாவில் காவலில் இருந்து, 1946-ல் இந்தியா திரும்பினார் லட்சுமி. மறுவருஷம் பிரேம் சாகலை மணந்து கான்பூரில் குடியேறி ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1970-களின் தொடக்கத்தில் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவோடு அங்கே போனார்.

2002 தேர்தலுக்கு வருவோம். ஜூலை 15 வாக்குப்பதிவு, 18-ல் எண்ணிக்கை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகைக் கணக்கை 234 தொகுதிகளுக்கு வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுத்து வந்த எண் அது. 2001 தேர்தலில் இங்கே மார்க்சிஸ்ட் கட்சிக்கு 6 இடம், இந்தியக் கம்யூனிஸ்ட்டுக்கு 5. பதினொரு பேரையும் சேர்த்தால் 1,936. நாடு முழுக்க எண்ணி முடித்தபோது கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366.

கண்டக்டர் தோழரிடம் பிறகு கேட்டேன். "தோக்கும்னு தெரிஞ்சுதான் நின்னோம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நிறுத்தியது சரிதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்த நாற்காலிக்கு நல்ல மனசு மட்டும் போதாது, அரசியல் பக்குவமும் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. 2005 மே மாதம் மாஸ்கோவில் இருந்த கலாமுக்கு நள்ளிரவில் கோப்பு போனது. பீகார் சட்டசபையைக் கலைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது. ஆனால் அந்தக் கோப்பை அனுப்பிய மன்மோகன் சிங் அரசு வெளியிலிருந்து இடதுசாரிகள் தந்த ஆதரவில் நின்ற அரசு. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இடதுசாரிகள் ஜெயித்த பக்கம் நின்ற குடியரசுத் தலைவர் தேர்தல்களும் உண்டு. 1969-ல் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டிக்கு எதிராக ரயில்வே தொழிற்சங்கத் தலைவராக இருந்த வி.வி.கிரி நின்றார். பின்னால் இந்திரா, முன்னால் வெளிப்படையாக இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தி.மு.க.வும். முதல் சுற்றில் முடியவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுகளைச் சேர்த்து எண்ணி 4,20,077-க்கு 4,05,427 என்று கரையேறினார். ஐந்தே வருஷத்தில், 1974-ல், அந்த இரண்டு கட்சிகளும் எதிரெதிர்ப் பக்கம். இந்தியக் கம்யூனிஸ்ட் ஃபக்ருதீன் அலி அகமதுக்கு, மார்க்சிஸ்ட் திரிதிப் சௌத்ரிக்கு.

பக்கத்து இலங்கையில் மக்களே நேராக ஓட்டுப் போடுகிறார்கள். 1982-ல் அங்கே விஜேவீர, கொல்வின் ஆர். டி சில்வா, வாசுதேவ நாணயக்கார என்று மூன்று இடதுசாரிகள் தனித்தனியாக நின்றார்கள். மூவரும் சேர்ந்தும் ஆறு சதவீதத்தைத் தொடவில்லை. 2019-ல் விஜேவீரவின் கட்சியான ஜே.வி.பி. பல அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு தேசிய மக்கள் சக்தி என்ற பெயரில் நின்றபோது மூன்று சதவீதத்துச் சொச்சம். அதே அணி 2024-ல் அநுர குமார திசாநாயக்கவை அதிபராக்கியது. இலங்கை முறை வேறு, நம் முறை வேறு. ஆனாலும் மூன்று சதவீதத்தில் கலைந்து போகாமல் இருந்ததை இங்கே உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

இங்கே 2012-ல் கலைந்தார்கள். பிரணாப் முகர்ஜிக்கு எதிராக பி.ஏ.சங்மா. சொந்த வேட்பாளர் இல்லை. மார்க்சிஸ்ட்டும் ஃபார்வர்டு பிளாக்கும் பிரணாபுக்கு ஓட்டுப் போட்டன. இந்தியக் கம்யூனிஸ்ட்டும் புரட்சிகர சோஷலிஸ்ட்டும் ஓட்டே போடவில்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரே பெயரைச் சொன்ன அதே நாலு கட்சிகள். 2002-ன் தோல்வி எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது.

2012 தேர்தலின் வாக்குப்பதிவு ஜூலை 19. அன்றுதான் கான்பூரில் கேப்டன் லட்சுமிக்கு மாரடைப்பு. 22-ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். 23-ஆம் தேதி, 97 வயதில், அவர் போனார். அவர் விருப்பப்படி உடலை கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் படிப்பதற்காகக் கொடுத்தார்கள்.

(தொடரும்)