மோட்டார் சைக்கிளோட்டியின் காப்புடை

திருகோணமலையின் உட்துறைமுகத்தை ஒட்டியமைந்த மேட்டு நிலம் ஓர்ஸ் ஹில். அங்கிருந்து நகரக் கடைத்தெருவுக்கு மோட்டார் சைக்கிளில் சில நிமிடங்களிற் சென்றுவிடலாம். புதிதாக ஓட்டப் பழகியவர் காப்புடையை மறப்பது பெரும்பாலும் இத்தகைய சிறு பயணத்திலேயாகும். “கிட்டத்தானே, தலைக்கவசம் எதற்கு?” என்று அதனைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறார். வீதியிற் குறுக்கிடும் மாடும், இந்நகரில் உலாவும் புள்ளிமானும் பயணத்தின் தூரத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

‘அரேபியாவின் லோரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் 1935 மே 13ஆந் தேதி, தம் வீட்டிற்கு அண்மையிலுள்ள பாதையில், சைக்கிளிற் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பியபோது தூக்கியெறியப்பட்டார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. ஆறாம் நாள் உயிர் துறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ், பின்னர் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941இல் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரித்தானிய இராணுவம் கடமையிலுள்ள தன் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய ஆபத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகப் பிற்கால ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது.

தலைக்கவசம் தலையைக் காப்பது எவ்வாறு? தலை தரையில் மோதும்போது மண்டையோடு நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் மூளையோ நில்லாது முன்னோக்கிச் சென்று மண்டையோட்டில் மோதுகிறது. கவசத்தின் வெளியோடு அடியைப் பரப்புகிறது. அதனுள்ளேயுள்ள, ரெஜிபோம் போன்ற தடித்த அடுக்கு நசுங்கி, தலை நிற்பதற்குச் சற்றே கூடுதலான நேரத்தை அளிக்கிறது. அக்கணநேரமே உயிரைக் காக்கிறது. நசுங்கிய அடுக்கு மீண்டும் பழைய நிலையை அடையாது. ஆகையால், ஒருமுறை விபத்திற் சிக்கிய கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிடினும், கழித்துவிடல் வேண்டும். பிறர் பாவித்ததை வாங்குவதும் தகாது.

கடையிற் பார்க்க வேண்டியவை சில. முதலாவது, எஸ்.எல்.எஸ். போன்ற தரமுத்திரை. இரண்டாவது, அளவு. கவசம் கன்னங்களை இலேசாக அழுத்த வேண்டும். அதனைப் பக்கவாட்டில் அசைத்தால் நெற்றித் தோலும் உடன் அசைய வேண்டும். நாடிப்பட்டியைப் பூட்டியபின், பின்புறத்திலிருந்து முன்னோக்கித் தள்ளினால் கழன்றுவிடுவது பயனற்றது. மூன்றாவது, வடிவம். முகம் முழுவதையும் மூடுவதே நாடியையும் தாடையையும் காக்கும். நான்காவது, நிறம். நியூசிலாந்தின் ஓக்லண்டில் நடத்தப்பெற்று 2004இல் வெளிவந்த ஆய்வில், கறுப்புக் கவசம் அணிந்தோரைவிட வெள்ளைக் கவசம் அணிந்தோருக்கு விபத்திற் காயமுறும் ஆபத்து 24 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. கருங்கண்ணாடி முகமறைப்பு இரவுக்கு ஏற்றதன்று.

தலைக்கு அடுத்தவை கையும் காலும். விழுபவர் தம்மையறியாமலே கையை ஊன்றுவர். ஆதலின், உள்ளங்கையில் தடித்த தோலுள்ள கையுறை நன்று. செருப்பு முதல் அடியிலேயே கழன்றுவிடும். கணுக்காலை மூடும் சப்பாத்தே தகும். திருகோணமலை வெயிலில் தோற்சட்டை அணிவது கடினமே. முழங்கையிலும் தோளிலும் தடுப்புப் பஞ்சு வைத்த, காற்றுப் புகும் வலைத்துணிச் சட்டை இதற்கு ஏற்றது. அது கைக்கு எட்டாவிடின், தடித்த துணியாலான முழுக்கைச் சட்டையும் நீளக்காற்சட்டையும் வெறுந்தோலைவிட மேலானவை. வடகீழ்ப் பருவமழைக்கு வெளிர்நிற மழைச்சட்டை உகந்தது. அது காற்றிற் படபடக்காது பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். பின்னால் அமரும் பெண்கள் சேலைத் தலைப்பு சில்லிற் சிக்காதவாறு செருகிக்கொள்ளுதல் அவசியம்.

வண்டிக்குப் பெரும்பணம் கொடுப்பவர், எஞ்சிய சில்லறையில் தலைக்கவசத்தை வாங்குவது வழக்கமாயிருக்கிறது. வண்டியின் விலையைக் கணக்கிடும்போதே கவசத்தின் விலையையும் சேர்த்துக்கொள்வதே முறை. பின்னால் அமர்பவருக்கும், உடன் செல்லும் பிள்ளைக்கும் அவரவர் தலைக்கேற்ற கவசம் வேண்டும். பொலிசாரைக் கண்டதும் தலையில் வைத்து, அவர்கள் மறைந்ததும் கழற்றப்படும் கவசம் தண்டப்பணத்தை மட்டுமே காக்கும். கடைத்தெருவுக்குச் செல்லும் அந்தச் சில நிமிடங்களிலும் நாடிப்பட்டி பூட்டப்பட்டிருந்தால்தான் அது தலையையும் காக்கும்.