பால்கட்டும் வலியில்லாக் கட்டியும்

குமரி மாவட்டத்துச் சிற்றூரான மயிலாடிக்கு அண்டையிலுள்ள தோவாளைப் பூச்சந்தையின் மல்லிகைக்குக் கோயிலும் கூந்தலும் தவிர மூன்றாவதாக ஒரு பயனும் உண்டு. பிள்ளைக்குப் பாலூட்ட இயலாத நிலையிலோ, பால்குடி மறக்கடிக்கும் காலத்திலோ மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிச் சுரப்பை வற்றச்செய்வது தென்னாட்டுப் பெண்களின் பழைய கைவைத்தியமாகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 60 தாய்மாரிடம் இதனைப் பால் சுரப்பைக் குறைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையுடன் ஒப்பிட்டு ஆராய்ந்து 1988இல் முடிவுகளை வெளியிட்டனர். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் ஹார்மோனை மாத்திரையே கூடுதலாகக் குறைத்ததெனினும், பால் வற்றுவதிலும் மார்பு விம்மல் தணிவதிலும் பூ அதற்குச் சளைக்கவில்லை என அவர்கள் கண்டனர்.

ஆயினும் பூக்கட்டு பாலை வற்றச்செய்வதற்கு உரியதேயன்றிப் பால்கட்டுக்கு மருந்தன்று. பால் வெளியேறாமல் தேங்கி, மார்பின் ஒரு பகுதி சிவந்து கனன்று காய்ச்சலும் காணும் மார்பக அழற்சியில், பாலூட்டுவதைத் தொடர்வதே முதல் வழி. அந்நிலையில் தாய்ப்பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யும் என்னும் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஒருநாளில் தணியாவிடில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேண்டியிருக்கலாம். சீழ் கோத்துவிட்டால் அதனை ஊசியாலோ சிறு அறுவையாலோ வெளியேற்ற வேண்டும். மருந்தை முழுமையாக உட்கொண்ட பின்பும் சிவப்பும் வீக்கமும் நீடித்தால், காசநோயோ அழற்சியைப்போலத் தோற்றமளிக்கும் ஒருவகைப் புற்றுநோயோ மறைந்திருக்கக்கூடும் என்பதால், மருந்துச்சீட்டை மாற்றிக்கொண்டே காலங்கடத்தாமல் திசுவை எடுத்துச் சோதிப்பதே முறை.

வலி எத்துணை பெரிதோ நோயும் அத்துணை பெரிது என்னும் கணக்கு மார்பகத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் தவறிவிடுகிறது. மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் இரு மார்பிலும் எழுந்து பின்னர் அடங்கும் வலி, ஹார்மோன்களின் ஏற்றத்தாழ்வால் வருவது. அது பெரும்பாலும் தீங்கற்றது. இளம்பெண்களிடம் காணப்படும், விரலுக்குப் பிடிகொடாமல் நழுவும் வழவழப்பான நார்த்திசுக் கட்டியும் புற்றன்று. மாறாக, வலியே இல்லாத கெட்டியான கட்டி, தோலில் விழும் குழிவு, புதிதாக உள்வாங்கிய காம்பு, அதிலிருந்து தானாகக் கசியும் குருதி, அக்குளில் நெறிகட்டுதல் ஆகியவையே காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். நோகாததை நோயென்று கருதாமையால் மாதங்கள் கழிகின்றன.

கட்டி எவ்வகையாயினும் மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தல், படமெடுத்தல், ஊசியால் திசு எடுத்தல் என்னும் மூன்றையும் ஒருங்கே வைத்தே அதன் தன்மை உறுதிசெய்யப்படுகிறது. இளம்வயதினருக்குப் பொதுவாக அல்ட்ராசவுண்டும், நாற்பது கடந்தோருக்கு மேமோகிராமும் முதற்படம். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்பது வலுவான வதந்தி. அதற்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுவதே உண்மையான ஆபத்து.

கேரள எல்லைக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில், 30 முதல் 69 வயது வரையிலான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு 2006இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சிபெற்ற நலப்பணியாளர்கள் கையால் சோதித்த பகுதிகளில் புற்றுநோய் தொடக்க நிலையிலேயே கண்டறியப்படுவது கூடியது. இறப்பு குறைகிறதா என்பது வேறு கேள்வி. இதே கைச்சோதனை குறித்து 1998இல் தொடங்கிய மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவுப்படி, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையோரிடம் அப்பயன் தென்படவில்லை. இச்சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை என்பது மயிலாடி போன்ற சிற்றூர்களுக்குப் பெரிய செய்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சிபெற்ற செவிலியரின் கையே அதற்குப் போதும். அங்கு ஐயம் எழுந்தால் மேற்சோதனைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. கட்டி எப்போது முதல் தென்படுகிறது, மாதவிடாயோடு மாறுகிறதா, தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்ததுண்டா என்பவை அங்கு முதலில் கேட்கப்படும் வினாக்கள்.