குஜா ஏன் உலகை அழித்தான்? அதிகற்பனை விளையாட்டொன்றில் பால்நிலையும் செயல்நோக்கமும்

ஒரு கதைமாந்தன் ஏன் இவ்வாறு செய்தான் என்னும் வினா திறனாய்வின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. நாடகத்தையும் நாவலையும் முன்வைத்துக் கேட்கப்பட்டு வந்த அவ்வினா, கடந்த சில தசாப்தங்களில், திரையில் ஆடப்படும் அதிகற்பனை விளையாட்டுகளைச் சூழ்ந்து நிற்கும் ரசிகர்களிடையே மிகுந்த உக்கிரத்தோடு எழுப்பப்படுகின்றது. அவ்விவாதங்களைச் சிறுபிள்ளைத்தனமென ஒதுக்கிவிடும் போக்கு நம்முடைய ஆய்வறிவாளரிடையே உண்டு. ஆயின், ஒரு பிரதியை வரி வரியாக நினைவிற்கொண்டு, ஒரு சொல்லின் பொருளுக்காக ஆண்டுக்கணக்கில் வாதிடும் வாசகர் கூட்டம் இன்று வேறெங்கே உள்ளது என்பதையும் நாம் கேட்டுப்பார்த்தல் வேண்டும்.

இக்கட்டுரை அத்தகைய விவாதமொன்றையே எடுத்துக்கொள்கின்றது. யப்பானின் ஸ்குவெயர் நிறுவனம் 2000ஆம் ஆண்டு யூலை மாதத்திலே ப்ளேஸ்ரேசன் கருவிக்காக நான்கு இறுவட்டுகளில் வெளியிட்ட 'ஃபைனல் ஃபன்ரசி 9' என்னும் விளையாட்டில், குஜா என்றொரு எதிர்நாயகன் வருகின்றான். வெள்ளி நிறக் கூந்தலும் இறகணியும் வயிறும் தொடையும் தெரியும் ஆடையும் மென்மையான நடையும் உடையவன். நாடக மேடையில் நிற்பவன்போல ஒவ்வொரு சொல்லையும் பேசுபவன். இவன் ஆணா, பெண்ணா, இரண்டுமற்றவனா என்பது ரசிகர்களின் ஒரு வினா. இவன் ஏன் இத்தனை அழிவைச் செய்தான் என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு வினாக்களாயினும், முதலாவதற்குரிய விடையைக் கொண்டே இரண்டாவதற்கும் விடையிறுக்கப்படுகின்றது. பெண்தன்மை மிக்கவன், ஆதலால் தற்காதல் கொண்டவன். தற்காதல் கொண்டவன், ஆதலால் பொறாமை கொண்டவன். பொறாமை கொண்டவன், ஆதலால் கொடியவன். விவாதத்தின் பெரும்பகுதி இத்தர்க்கத்தின் மீதே ஓடுகின்றது. நான் மறுக்க விரும்புவது இதனையே.

கதையை அறியாதோருக்காக அதன் அடித்தளத்தைச் சுருக்கமாகக் கூறவேண்டியுள்ளது. கையா, தெரா என இரு உலகங்கள் உள்ளன. தெரா அழியும் நிலையை அடைந்த உலகம். அதன் மாந்தரின் ஆன்மாக்கள் உறக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவை மீண்டெழும்போது புகுவதற்கான வெற்றுடல்களைக் கார்லண்ட் என்னும் காவலன் உற்பத்தி செய்து வைத்திருக்கின்றான். கையாவிலே போரை மூட்டி, இறப்பைப் பெருக்கி, அவ்வுலகத்தின் ஆன்மாச் சுழற்சியைக் குலைப்பதற்கென்றே அவன் குஜாவை உருவாக்கினான். பின்னர், குஜாவைவிடச் சிறந்த கருவியாகச் சிடான் என்பவனையும் உருவாக்கினான். அச்சிடானே கதையின் நாயகன். தன்னுடைய இடத்தைப் பிடிக்க வந்த குழந்தையைக் கையாவிலே கொண்டுபோய்க் கைவிட்டவன் குஜா.

குஜா கையாவில் ஆற்றும் தொழில் யாது? அவன் ஓர் ஆயுத வணிகன். திரெனோ என்னும் செல்வர் நகரத்திலே கனவானாக உலாவி, அலெக்சாந்திரியாவின் அரசி பிரானேக்குப் போர்க்கருவிகளை வழங்குகின்றான். அக்கருவிகள் இரும்பாலானவை அல்ல. கரும்மந்திரவாதிகள் எனப்படும் உயிருள்ள பொம்மைகள். டாலி என்னும் கிராமத்தின் நிலத்தடியில் அமைந்த தொழிற்கூடத்தில் அவை உருவாக்கப்பட்டு, பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, அரண்மனைக்கு ஏற்றப்படுகின்றன. பெயருக்குப் பதிலாக இலக்கம் இடப்படுகின்றன. அவற்றின் மூலப்பொருள் மூடுபனி. அம்மூடுபனியோ இறந்தோரின் ஆன்மாக்களிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கழிவு. கையாவின் வான்கப்பல்களை ஓட்டுவதும் அதே மூடுபனிதான். இறந்துபோன உழைப்பு உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழ்வதைப் பற்றி மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் விவரித்ததை அறிந்த வாசகர் இவ்விடத்தில் சற்றே நின்றுவிடுவர். விளையாட்டை ஆக்கியோர் அதனைப் படித்துத்தான் செய்தார்கள் என்று நான் கூற முற்படவில்லை. பண்ட உற்பத்திச் சமுதாயமொன்றின் கற்பனை, தன்னை அறியாமலே, தன் அடித்தளத்தை வரைந்து காட்டிவிடுவதுண்டு.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போது, குஜா தரகன் எனப்படும் சமூக வகைக்குரியவனாகத் தெரிகின்றான். அந்நிய சக்தியொன்றின் நலனுக்காக உள்ளூர் ஆளுங்குழுவினரோடு கைகோத்து, ஒருவரையொருவர் அழிக்கச் செய்து, அவ்விடைவெளியில் ஆடம்பரமாக வாழ்பவன். ஆயின், வழமையான தரகனுக்கும் இவனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தான் விற்கும் பண்டத்தைப் போன்றே அவனும் செய்யப்பட்ட பண்டம். இதை அவன் அறிவான். பிறர் அறியாதபடி மறைக்கின்றான். அவனுடைய இனத்தார் அனைவருக்கும் வால் உண்டு, சிடானுக்கும் உண்டு. குஜாவின் வால் மட்டும் வெளியே தெரிவதில்லை. ரசிகர்கள் அவனுடைய ஆடையை வைத்து அவனது பாலை ஆராய்ந்த அளவுக்கு, அவ்வாடை மறைப்பது எதனை என்று ஆராய்ந்திலர். அது மறைப்பது பாலையன்று, அவன் உற்பத்தி செய்யப்பட்ட இடத்தை.

பொறாமை என்னும் விளக்கத்தை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை. சிடான்மீது அவன் கொண்ட பொறாமை கதையில் வெளிப்படையாகவே உள்ளது. ஆயின், அது ஓர் ஒப்பனைக்காரனின் அழகுப் பொறாமையா? புதிய இயந்திரம் வந்து இறங்கும் நாளில் பழைய இயந்திரத்துக்குச் சிந்திக்கும் ஆற்றல் இருந்திருப்பின் அது எதனை உணர்ந்திருக்குமோ, அதுவே குஜாவின் பொறாமை. தான் பதிலீடு செய்யப்படக்கூடியவன் என்னும் அறிவு தனிமனித உள்ளத்தில் எடுக்கும் வடிவம் அது. கார்லண்டை அவன் வீழ்த்தும் காட்சியில் இவ்வறிவு இறுதி எல்லையை அடைகின்றது. குறைபாடுடைய உனக்கு நிலையான ஆயுளைத் தந்திருப்பேன் என எண்ணினாயா என்ற கருத்துப்படக் கார்லண்ட் கூறும்போதுதான், தன் ஆயுளும் கரும்மந்திரவாதிகளின் ஆயுளைப்போல வரையறுக்கப்பட்டது என்பதைக் குஜா அறிகின்றான். அதன்பின் அவன் தெராவை எரித்தழிக்கின்றான். தான் இல்லாத உலகம் இருத்தலாகாது என்பது அவனுடைய வாதம்.

இங்கே ஊடகத்தின் இயல்பு பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆடுபவர் சிடானாகவும் அவனுடைய தோழராகவும் நடக்கின்றாரேயன்றி, இவ்விளையாட்டில் ஒருபோதும் குஜாவாக நடப்பதில்லை. குஜாவின் உள்ளம் வெளியிலிருந்தே, பெரும்பாலும் அவனைப் படைத்தவனின் வாய்மொழியாகவே, நமக்குத் தெரியவருகின்றது. முதலாளியின் சாட்சியத்தைக்கொண்டு தொழிலாளியின் உள்நோக்கத்தை எழுதுவது போன்றது இது. விவாதம் முடிவின்றி நீள்வதற்கு இவ்விடைவெளியே காரணம் எனலாம்.

இனி, பால்நிலை. தமிழில் எழுதும்போது இச்சிக்கல் முதற் பயனிலையிலேயே வந்து நிற்கின்றது. 'வந்தான்' என்றோ 'வந்தாள்' என்றோ வினைமுற்றை முடித்தாகவேண்டும். இக்கட்டுரை 'அவன்' என எழுதுவதும் ஒரு முடிவுதான். இத்தகைய இக்கட்டைத் தொல்காப்பியமும் கண்டிருக்கிறது. பேடி போன்ற பெயர்கள் தமக்கென ஈறின்றி உயர்திணைப் பால்களுக்குரிய ஈறுகளையே கொண்டு முடியும் எனக் கிளவியாக்கம் பேசுகின்றது. யப்பானிய மொழியின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே வினைமுற்றுப் பால் காட்டுவதில்லை. தமிழிலே பால் காட்டாத தன்மைப் பெயரோ அங்கே பலவகைப்பட்டு, பேசுபவரின் பாலையும் பண்பையும் ஒருசேரக் காட்டும். குஜா தன்னைக் குறிக்க 'பொகு' என்கின்றான். சிடான் 'ஓரே' என்கின்றான். இரண்டும் ஆண்கள் பெரிதும் வழங்குவன. முன்னையது மென்மையும் பண்பட்ட தன்மையும் தோன்ற நிற்பது. பின்னையது முரட்டுத்தனமானது, தெருவுக்குரியது. ஆகவே, மூலத்தின் வாசகன் காதில் விழும் வேறுபாடு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதன்று. கனவானுக்கும் திருடர் கூட்டத்தில் வளர்ந்தவனுக்கும் இடையிலானது. ஆங்கில மொழிபெயர்ப்பில் இவ்விரு சொற்களும் ஒரே சொல்லாகிவிட, வர்க்க வேறுபாட்டின் இவ்வடையாளம் மறைந்து, உடையும் உடலும் மட்டுமே எஞ்சி நின்றன. மேலைத்தேய ரசிகர் விவாதம் உடலிலேயே நிலைகொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து. விளையாட்டுக்கு இவ்விடயத்தில் நுண்ணுணர்வு இல்லையென்று சொல்வதற்கில்லை. தப்பியோடும் இளவரசி, சாதாரண மக்களின் பேச்சைச் சிடானிடம் முயன்று பழகும் காட்சிகள் அதிலே உள்ளன.

அழகிய, பால்மயங்கிய ஆணுருவம் யப்பானியக் கலைக்குப் புதிதன்று. 1629இல் பெண்கள் மேடையேறுவது தடைசெய்யப்பட்ட பின்னர், கபுகி அரங்கில் பெண்பாத்திரங்களை ஆண்களே ஏற்றனர். மறுதலையாக, 1914இல் முதன்முதலாக மேடையேறிய தக்கராசுக்கா குழுவில் ஆண் பாத்திரங்களையும் பெண்களே நடிக்கின்றனர். அக்குழுவை நிறுவியவர் ஒரு புகையிரதக் கம்பனியின் அதிபரான கொபயாசி இச்சிசோ என்பதும், பாதையின் முடிவிடத்துக்குப் பயணிகளை ஈர்ப்பதே அவரது நோக்கமாயிருந்தது என்பதும் மனங்கொளத்தக்கவை. பயணச்சீட்டு விற்பனைக்காகப் பிறந்த கலையொன்று இலட்சக்கணக்கான பெண்களின் ஆசைகளுக்கு வடிகாலாயிற்று! 1972இல் இக்கேதா ரியோக்கோ வரையத் தொடங்கிய 'வெர்சாய் ரோசா' என்னும் சித்திரக்கதையில் ஆணுடையில் வாழும் பெண் படைத்தலைவி நாயகியானாள். 1974இல் தக்கராசுக்கா அதனை மேடையேற்றியது. குஜாவின் உருவம் இம்மரபின் வழித்தோன்றல். ஆகவே, அது அங்கே தீமையின் குறியீடாக மட்டும் வாசிக்கப்படவேண்டிய கட்டாயமில்லை.

இதனைக் கொண்டு விளையாட்டை முற்றாக விடுவித்துவிடவும் முடியாது. யாருக்கு இம்மயக்கம் ஒதுக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். நாயகன் பெண்களைத் துரத்தும் வாலிபன். பால்மயக்கம் எதிர்நாயகனுக்கும் ஒரு கோமாளிக்குமே வழங்கப்படுகின்றது. கோமாளியாவது குயினா: உண்பதொன்றே குறியான கூ இனத்தைச் சேர்ந்த, பால் இன்னதெனக் கூறப்படாத சமையற்கலைஞர். ஆங்கிலப் பிரதி இருபாற் சொற்களையும் சாய்கோட்டால் இணைத்து அவரைக் குறிக்கின்றது. யப்பானியப் பிரதியிலோ, சீனர்களைக் கேலிசெய்ய நெடுங்காலம் வழங்கிவந்த செயற்கைப் பேச்சு அவருடைய வாயில் வைக்கப்பட்டுள்ளது. பாலில் வேறானவர் இனத்திலும் வேறானவராக, சிரிப்புக்குரியவராகச் செய்யப்படுகின்றார். குஜாவைப் பற்றி ஆயிரக்கணக்கில் வாதிட்டவர்கள் குயினாவைப் பற்றி வாதிடுவது அரிது. சிரிக்கவைப்பவருக்குச் செயல்நோக்கம் தேவையில்லை போலும்.

விவாதத்தில் மற்றொரு தரப்பும் உண்டு. தம் வாழ்விலே பால்நிலை காரணமாக ஒதுக்கப்பட்ட வாசகர் பலர் குஜாவிடத்திலே தம்மைக் கண்டனர். அவர்களுக்கு இது விளையாட்டன்று. 'இத்தகைய உடலில் கொடுமை குடிகொள்ளும்' என்னும் கருத்துநிலையைத் தெருவிலும் வகுப்பறையிலும் கேட்டவர்கள் அதைத் திரையிலும் கேட்கச் சகியாது எதிர்க்கின்றனர். அவர்களுடைய எதிர்ப்பு நியாயமானது. ஆயின், அவர்களுட் சிலர் மேலும் ஒரு படி சென்று, குஜா வெறும் பலியாள், குற்றமற்றவன் என்கின்றனர். அப்போது பர்மேசியாவும் கிளெய்ராவும் மறைந்துவிடுகின்றன. எலிமுக மக்களின் நகரமான பர்மேசியா கரும்மந்திரவாதிகளைக் கொண்டு சிதைக்கப்பட்டது; கிளெய்ரா முற்றாக அழிந்தது. அவ்வழிவுகளில் குஜாவின் பங்கு கதையில் மறைக்கப்படவில்லை. ஒடுக்குமுறையின் விளைபொருளாக இருப்பது வேறு, அதன் கருவியாக இயங்கிய பொறுப்பிலிருந்து விடுபடுவது வேறு. 2011இல் வெளிவந்த 'டிசிடியா 012' என்னும் பிற்கால விளையாட்டு, குஜாவைத் தன் தரப்பைவிட்டுச் சிடானுக்கு உதவ முனைபவனாகவும், பின்னர் நினைவு திரிக்கப்பட்டவனாகவும் காட்டி இத்தரப்பாருக்குச் சற்று ஆறுதல் அளித்தது. பழைய பண்டம் புதிய உறையில் விற்பனைக்கு வரும்போது செயல்நோக்கமும் திருத்தப்பட்டு வருதல் இத்தொழிற்றுறையில் வழக்கமே.

உடலைக்கொண்டு குஜாவைக் குற்றஞ்சாட்டுவோரும், அதே உடலைக்கொண்டு அவனை விடுவிப்போரும் பார்க்கத் தவறும் சான்று கதையினுள்ளேயே இருக்கின்றது. அதுதான் கரும்மந்திரவாதிகளின் கிராமம். போர்க்களத்தில் திடீரென விழிப்புற்றுத் தப்பிய சில பொம்மைகள் காட்டின் நடுவே ஓர் ஊரை அமைக்கின்றன. அவர்களுட் சிலர் இயக்கமற்று வீழும்போது, 288 என்னும் இலக்கமுடையவர் தம் அனைவரின் ஆயுளும் ஏறக்குறைய ஓராண்டே என்பதைக் கணிக்கின்றார். இறந்தோரை அடக்கம் செய்யப் பழகுகின்றார்கள்; பறவையொன்றின் முட்டையைக் காத்துக் குஞ்சு பொரிக்கச் செய்கின்றார்கள். குஜாவுக்கு நேர்ந்த அதே அறிவு, அதே வரையறுத்த ஆயுள், அதே உற்பத்தி மூலம். விளைவோ வேறு. குஜா தனியன், கிடைத்த வாழ்வு முழுவதையும் தன்போன்றோரை விற்பதிற் செலவிட்டவன். இவர்களுக்கோ அருகில் இன்னொருவர் இருந்தார். ஆயுளை நீட்டித் தருவேன் என்னும் பொய் வாக்குறுதியோடு குஜா அவ்வூருக்குள் நுழையும்போது, ஊரே கலைந்து அவன்பின் செல்கின்றது என்பதையும் மறைக்கக்கூடாது. கூட்டு வாழ்வு எவ்வளவு எளிதில் உடைக்கப்படத்தக்கது என்பதற்கு, நான் கண்ட அதிகற்பனை ஆக்கங்களுள் இதனை விஞ்சிய காட்சியில்லை.

கதையின் முடிவிலே அவ்வூரில் இரு வகையினர் ஒன்றாக வாழ்கின்றனர்: எஞ்சிய மந்திரவாதிகளும், தெராவின் அழிவிலிருந்து மீட்கப்பட்ட வெற்றுடல்களும். பின்னையவருட் சிடானுக்குப் பின் உருவாக்கப்பட்டவளான மிக்கோட்டோ குஜாவை நினைத்துப் பேசுகின்றாள். அவன் செய்தது தவறு என்பதை அவள் முதலிலேயே சொல்லிவிடுகின்றாள். அதன்பின், தவறான நோக்கத்துக்காக ஆக்கப்பட்ட நம் எல்லோரிலும் அந்த விதியை எதிர்த்தவன் அவன் ஒருவனே. அந்த ஒரு நம்பிக்கையை அவன் எமக்குத் தந்தான் என்கின்றாள். அவன் ஆணா பெண்ணா என்பதைப் பற்றி அவ்வூரில் எவரும் பேசுவதில்லை.