மேஜைமேல் ஒரு மகாயுத்தம்

குழந்தைகள் பொம்மைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு விளையாடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் உத்தியோகமும் குடும்பமும் உள்ள பெரியவர்கள், ரயிலேறி வெளியூர் சென்று, இரண்டு நாள் முழுவதும் பொம்மைச் சிப்பாய்களுடன் போர் புரிகிறார்கள் என்றால் நேயர்கள் நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். ராபின் ஹுட் கதைக்குப் பெயர்போன இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் இத்தகைய பந்தயங்கள் நடைபெறுகின்றன. 1983-ம் வருஷத்தில் வெளிவந்த 'வார்ஹாமர்' என்ற ஆட்டமும், 1987-ல் அதைத் தொடர்ந்து வந்த 'வார்ஹாமர் 40,000' என்ற ஆட்டமும் இன்று பல தேசங்களில் பரவியிருக்கின்றன.

நாற்பது நூற்றாண்டுகள் அல்ல, நாற்பதாயிரம் ஆண்டுகள் என்ற கணக்கில் எழுந்த கற்பனை உலகம் அது. ஆனால் ஆட்டத்தின் சாதனங்கள் மிகவும் எளியவை: ஒரு மேஜை, அதன்மேல் சிறு குன்றுகள், இடிந்த கட்டிடங்கள், அங்குல நாடா, கைநிறையப் பகடைக் காய்கள். சிப்பாய் ஒவ்வொருவனும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரம். அவனுடைய கண், கச்சை, வாளின் கைப்பிடி எல்லாவற்றுக்கும் ஆட்டக்காரரே மெல்லிய தூரிகை கொண்டு வர்ணம் தீட்டுகிறார். இதில் மாதக்கணக்கில் பொழுது போகும். 2020-ம் வருஷத்துப் பதிப்பின் விதிப்படி, ஓர் ஆட்டத்துக்குரிய 100 மதிப்பெண்களில் 10, சைன்யத்துக்கு முறையாக வர்ணம் தீட்டியதற்கே உரியவை!

சைன்யம் திரட்டுவதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு வீரனுக்கும் வாகனத்துக்கும் ஒரு விலை குறித்திருக்கிறது. பந்தயங்களில் பெரும்பாலும் மொத்தம் 2,000 புள்ளிகளுக்குமேல் செலவு செய்யக் கூடாது. பெரிய பீரங்கி வண்டி வேண்டுமானால் காலாட்களைக் குறைக்க வேண்டும். மாதச் சம்பளத்துக்குள் குடும்பத்தை நடத்தும் இல்லத்தரசிகளுக்கு இந்தச் சாமர்த்தியத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தின் வம்சாவளியைத் தேடிப் போனால், கடைசியில் நம் நாட்டு வாசலிலேயே வந்து நிற்கிறோம். ரத, கஜ, துரக, பதாதி என்ற நால்வகைப் படையையும் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் இந்தியாவில் பிறந்து, பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 1780-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரத்தில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர், அந்தச் சதுரங்கத்தையே விரித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களில் மலையும் ஆறும் அமைத்து ஒரு யுத்த விளையாட்டை இயற்றினார். பிறகு பிரஷ்ய நாட்டின் ரைஸ்விட்ஸ் என்பவர் கட்டங்களையே அகற்றிவிட்டு, நிலத்தின் வடிவத்தை மேஜைமேல் அமைத்து, 1812-ல் அரசருக்குக் காட்டினார். அவருடைய குமாரர், பீரங்கிப் படை அதிகாரி, 1824-ல் அதன் விதிகளைச் செப்பனிட்டு அச்சிட்டார். ராணுவத் தலைமை அதிகாரி மூப்ளிங் அதைக் கண்டு வியந்து, சேனை முழுவதற்கும் சிபார்சு செய்தார். 1870-ல் தொடங்கிய போரில் பிரஷ்யா பிரான்ஸை முறியடித்த பிறகு, மற்ற வல்லரசுகளும் இந்த விளையாட்டைத் தங்கள் அதிகாரிகளுக்குப் பயிற்றுவிக்கலாயின.

பிரஷ்ய ஆட்டத்தில் ஒரு முக்கியமான புருஷர் உண்டு. அவர்தான் நடுவர். இரு தரப்பாரும் தங்கள் உத்தரவுகளை அவரிடம் கொடுப்பார்கள். படைகளை நகர்த்துவதும், பகடையின் பலனைச் சொல்வதும், எதிரி கண்ணுக்குத் தெரிகிறானா என்று தீர்மானிப்பதும் அவர் பொறுப்பு. ஆட்டக்காரர்கள் நேர்மையாக இருக்க வேண்டிய அவசியம்கூட அதிகம் இல்லை!

இன்றைய பந்தயத்திலோ மேஜைக்கு ஒரு நடுவர் கிடையாது. கூடம் முழுவதற்கும் சிலரே இருக்கிறார்கள். தகராறு எழுந்து கூப்பிட்டால்தான் வருவார்கள். மற்றபடி, ஒருவரையொருவர் தோற்கடிக்க வந்த இருவரே ஒருவருக்கொருவர் நடுவராக இருந்தாக வேண்டும். இந்தப் பந்தயத்தின் உண்மையான பரீட்சை இங்கேதான் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். எதிரிமேல் பாய்வதற்கு இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒன்பது வர வேண்டுமென்றால், 36 வகைகளில் 10 வகைதான் அனுகூலம். எட்டு வந்தால் போதும் என்றால் அனுகூலம் 15 ஆகிவிடுகிறது. ஓர் அங்குலம் அதிகமாக நகர்த்திவிட்டால் அதிருஷ்டம் ஒன்றரை மடங்கு பெருகிவிடுகிறது! விரல் சற்றே வழுக்கினாலும், நாடா சற்றே சாய்ந்தாலும் கேட்பார் யார்? எதிரே இருப்பவர் அப்போது தம் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். ஆறு மாதம் உழைத்துத் தீட்டிய சைன்யம்; இதுவரை தோல்வியே காணாத பெயர்; கடைசி ஆட்டம். அந்த ஓர் அங்குலத்தின் முன்னால் மனிதனுடைய குணம் தெரிந்துவிடும்.

ஆகவே அனுபவசாலிகள் ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். காயை நகர்த்தும்போதே, "இவனை உங்கள் பீரங்கியின் பார்வையில் படாதபடி சுவருக்குப் பின்னால் வைக்கிறேன், சரிதானே?" என்று எதிரியையே கேட்டுவிடுகிறார்கள். அவரும் குனிந்து பார்த்து, "சரி" என்கிறார். பிறகு சண்டை இல்லை. நேரத்திலும் இதே நியாயந்தான். ஓர் ஆட்டத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம். வேண்டுமென்றே தாமதம் செய்து எதிரியின் பொழுதை விழுங்குவதும் ஒருவகைத் திருட்டுத்தான். அதைத் தடுக்கச் சதுரங்கக் கடிகாரத்தையே மேஜையருகில் வைத்துக்கொள்வோரும் உண்டு.

முதல் சுற்றில் ஜயித்தவர் அடுத்த சுற்றில் ஜயித்தவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் மோதுவது முறை. 32 பேர் சேர்ந்தால், சமநிலை இல்லாதவரையில், ஐந்து சுற்றுக்குப் பிறகு தோல்வி காணாதவர் ஒருவரே மிஞ்சுவார். ஆனால் அவருக்கு மட்டுமே பரிசு என்று நினைக்க வேண்டாம். அழகாக வர்ணம் தீட்டிய சைன்யத்துக்கும், 'இவருடன் ஆடியதே இன்பம்' என்று எதிரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்படுபவருக்கும் பல பந்தயங்களில் பரிசு தருகிறார்கள். இந்தக் கடைசிப் பரிசைப் பகடையின் தயவால் பெற முடியாது.

யுத்தத்தை விளையாட்டாக்குவது தகுமா என்று சிலர் கேட்கலாம். விந்தைக் கதைகளால் உலகப் புகழ்பெற்ற ஹெச். ஜி. வெல்ஸ், 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் ஈயச் சிப்பாய்களைக் கொண்டு ஆடும் விதிகளை எழுதி, நிஜ யுத்தத்தைவிட இந்தச் சின்ன யுத்தம் எவ்வளவோ மேலானது என்று வாதித்தார். மறு வருஷமே ஐரோப்பா நிஜ யுத்தத்தில் குதித்தது. விளையாட்டு அதைத் தடுக்கவில்லை. பிரஷ்ய அதிகாரிகளுக்கு அதே விளையாட்டுப் போர்ப் பயிற்சியாகவும் உதவியது. ஆகையால் பொம்மைகளிடம் சமாதானத்தை எதிர்பார்ப்பது வீண்.

ஆனால் ஒன்று சொல்லலாம். எதிரியின் சொல்லை நம்பாமல் இந்தப் பந்தயத்தில் ஒரு காயைக்கூட நகர்த்த முடியாது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் கைகுலுக்கி, மதிப்பெண்களைச் சேர்ந்தே கூட்டிப் பார்க்கிறார்கள். மாண்ட வீரர்கள் அனைவரும் வர்ணம் கலையாமல் எழுந்து பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். அடுத்த சுற்றுக்கு அவர்கள் வேண்டுமே!