ஆணி இல்லாத செருப்பு

ஞாயிறன்று கோயிலுக்குப் போய் வந்தால் ஆராதனை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்டுக்கு அது போதவில்லை. மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர் அவர்.

தொழுநோயாளியின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றே அன்று பலரும் நம்பினர். பிராண்டு கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரிவதில்லை. செருப்பில் ஆணி குத்தினாலும் மனிதன் நடந்துகொண்டே இருக்கிறான். புண் எலும்பை எட்டியபின் கால் போகிறது.

ஆகவே கத்தியோடு செருப்பு வேலையிலும் இறங்கினார். மெத்தென்ற ரப்பர் அடித்தட்டு, மேலே தோல் வார். ஆணியே கிடையாது, பசையும் தையலும்தான். 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. அங்கே செருப்புப் பட்டறையும் சிகிச்சையில் ஒரு பகுதி.

ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோலால் பிழைக்கும் ஊர்கள். ஆனால் தோலைத் தொடுபவனையே தள்ளி வைத்த நாடல்லவா இது! தொழுநோயாளியின் காலை யார் தொடுவார்? சீடரின் கால்களைக் கழுவினாரே இயேசு, அது பெரிய வியாழனன்று பல கோயில்களில் சடங்காக நடக்கும். கரிகிரியில் செவ்வாய், புதன் என்று பாராமல் காலைக் கையிலெடுத்து அளவு பார்த்தார்கள்.

1980-களில் வந்த கூட்டு மருந்து கிருமியைக் கொல்கிறது. நெடுநாள் மரத்த காலுக்கோ உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. செருப்பு இன்றும் வேண்டும். நோயாளி தினமும் உள்ளங்காலைப் பார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். எங்கேனும் சிவந்திருந்தால் மறுநாள் நடை கூடாது, கழனியில் வேலை காத்திருந்தாலும்.